அயனாவரம் குட்டி யானை ஸ்டாண்டு: வீடு மாற்றினால் இவர்களைத்தான் கூப்பிடுவேன்

போன மாதம் அயனாவரத்தில் மூன்றாவது மாடியிலிருந்து முகப்பேருக்கு வீடு மாற்றினோம். லிஃப்ட் கிடையாது, படி குறுகல், பாட்டி காலத்து இரும்பு பீரோ வேறு. போன தடவை ஆன்லைனில் பிடித்த ஒரு கம்பெனி கட்டில் காலை உடைத்துவிட்டு, எல்லாம் சரியாக வந்தது என்று கையெழுத்தும் கேட்டது. அதனால் இந்த முறை தெருமுனை ஸ்டாண்டிலேயே பேசிவிட்டேன். வண்டிக்கு 2,000, நான்கு ஆட்களுக்குத் தலைக்கு 900, மொத்தம் 5,600.

ஆபீசில் என்னோடு வேலை செய்யும் ஜெர்மனிக்காரர் ஒருவர் உதவி செய்கிறேன் என்று வந்திருந்தார். அவர்கள் ஊரில் ஜன்னலுக்கு வெளியே ஏணி மாதிரி ஒரு லிஃப்டை நிறுத்தி, சாமான்களை அதில் வைத்து இறக்குவது உண்டாம். இங்கே இருந்தது ஒரு கயிறு, சில கோணிப்பைகள், ஆளுக்கொரு துண்டு.

பீரோவை இறக்கியதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூத்தவர், ஐம்பது வயது இருக்கும், முதலில் பீரோ பக்கமே வரவில்லை. படியில் இறங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சாண் வைத்து அளந்துவிட்டு வந்தார். தட்டுகளைக் கழற்றி, கதவு திறக்காதபடி கயிறு கட்டி, அடியில் கோணியை மடித்துப் போட்டு வாசல் வரை இழுத்தார்கள், மொசைக்கில் ஒரு கோடு விழவில்லை. படியில் கீழ்ப்பக்கம் நிற்பவர் மேல்தான் பாரம் அதிகம் இறங்கும், அந்த இடத்தில் அவரே நின்றார். திருப்பத்தில் பீரோவை ஒற்றைக் காலில் நிறுத்தி, "விடு... விடு... பிடி" என்று மெதுவாகச் சுழற்றினார்கள். ஜெர்மனிக்காரர் மெரினாவில் உழைப்பாளர் சிலையை ஏற்கனவே பார்த்தவர், ராய் சவுத்ரி செய்து 1959-ல் வைத்தது. அதில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள், இங்கே நான்கு பேர் சுவரில் கீறல் படாமல் நெம்பினார்கள் என்று அவர் வியந்து சொன்னார். எனக்கு அதுவரை இது வெறும் பலம் என்றுதான் நினைப்பு. அவர் பார்த்தது கணக்கை, கைத்தொழிலை.

அப்புறம் புத்தகப் பெட்டிகள். மூத்தவர் துண்டை முறுக்கி வட்டமாகச் சுற்றித் தலையில் சும்மாடு வைத்தார், அதை வாங்கித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜெர்மனிக்காரர் கேட்டார். எப்போது கற்றீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். "கொத்தவால்சாவடியில சின்னப் பையனா இருக்கும்போதே தம்பி" என்றார். 1996-ல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது இவரும் கூடவே போயிருக்கிறார். இன்றும் பாதி ராத்திரி அங்கே வெங்காய மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, காலையில் இந்த ஸ்டாண்டு. ஒரு ஆள் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருப்பதை ஜெர்மனிக்காரர் போனில் தேடிக் காட்டினார். நான் தமிழில் சொன்னதும், "மூட்டை அந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு, ராத்திரிக்கு எத்தனை மூட்டைன்னு யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

போட்டோ எடுக்கலாமா என்று கேட்டபோது, இருங்க என்று சொல்லிவிட்டு முகம் துடைத்து, கழற்றி வைத்த சட்டையைப் போட்டு, காலர் பட்டன் வரை மாட்டிக்கொண்டு நின்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குறை என்றால், முக்கால் மணி நேரம் தாமதம். அட்டைப்பெட்டி, பபுள் ஷீட் எல்லாம் நாம்தான் வாங்க வேண்டும், பில் கிடையாது. கண்ணாடிச் சாமான்களை நீங்களே கட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டுவந்தார்கள், கொஞ்ச நேரம் கழித்து சுவிட்ச் போடுங்கள் என்று சொல்லிவிட்டும் போனார்கள். எந்தச் சாமானும் உடையவில்லை.

பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து. நானும் முதலில் ஆளுக்கு 700 என்றுதான் கேட்டேன், பீரோ இறங்கிய பிறகு 900-க்கு மேலும் சேர்த்துக் கொடுத்தேன். மதியச் சாப்பாடும் மோரும் வாங்கிக் கொடுங்கள், உட்கார நாற்காலி இரண்டை வண்டியில் ஏற்றாமல் கடைசி வரை வைத்திருங்கள். போனில் பேசும்போது எத்தனை மாடி என்பதோடு படியின் அகலத்தையும் சொல்லிவிடுங்கள், மூத்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.