இரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் எந்த உப்பு?

இரத்தக் கொதிப்பு இருப்பதாக மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் முதலில் மாறுவது உப்பு ஜாடிதான். தூள் உப்பு போய்க் கல்லுப்பு வருகிறது; வசதி இருந்தால் இளஞ்சிவப்பு இந்துப்பு வருகிறது; இப்போது சோடியம் குறைந்த உப்பு என்ற பாக்கெட்டும் கடைகளில் கிடைக்கிறது. எதையும் மாற்றாமல், இருக்கும் உப்பையே குறைத்துப் போடுவது பழைய வழி. இந்த நான்கில் முதல் இரண்டு மாற்றங்களும் இரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை மாற்றமே அல்ல என்பதால், அவற்றை விரைவாக ஒதுக்கிவிடலாம்.

உப்பில் இரத்த அழுத்தத்தை ஏற்றுவது சோடியம். கல்லுப்பும் தூள் உப்பும் எடைக்கு எடை ஏறக்குறைய ஒரே அளவு சோடியம் கொண்டவை. கற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டிக் கல்லுப்பின் எடை சற்றுக் குறையும். ஆனால் சுவை பார்த்துப் போடும் கை அந்தக் குறையை உடனே ஈடுசெய்துவிடும். இந்துப்பின் நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள். மற்றபடி அதன் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அதில் உள்ளதாகச் சொல்லப்படும் பிற தாதுக்கள், நாம் உண்ணும் சிட்டிகை அளவில் பொருட்படுத்தத்தக்கவை அல்ல. போதாக்குறைக்கு, அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே நம்பும் குடும்பம், அதிக விலை கொடுத்து ஒரு பாதுகாப்பை இழக்கிறது.

ஆகவே உண்மையான போட்டி, உப்பைக் குறைப்பதற்கும், சோடியம் குறைந்த பாக்கெட் உப்புக்கு, அதாவது சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்கு, மாறுவதற்கும் இடையில்தான்.

குறைப்பதன் பெரிய பலம், அதற்குச் செலவு இல்லை என்பதும், சிறுநீரக நோயாளி உட்பட வீட்டில் பெரும்பாலும் எவருக்கும் அது தீங்கு செய்வதில்லை என்பதும் ஆகும். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இட்லி மாவு, சாம்பார், பொரியல், மோர் என்று நான்கு இடங்களில் தனித்தனியாக உப்பு விழும் சமையலில் அந்த ஒரு தேக்கரண்டி எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகும் என்பது சமைப்பவருக்குத் தெரியும். ஒரே பானையில் குடும்பமே உண்ணும்போது, ஒருவருக்காகக் குறைத்த உப்பை மற்றவர்கள் ஊறுகாயால் நிரப்பிக்கொள்கிறார்கள்; சில நாட்களில் நோயாளியின் கையும் அந்த ஊறுகாயை நோக்கி நீள்கிறது.

மாற்று உப்பு இந்த மன உறுதிச் சிக்கலைத் தவிர்க்கிறது; சுவை பெரிதாக மாறாமலேயே சோடியத்தில் ஒரு பகுதி குறைந்து, இரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவும் பொட்டாசியம் கூடுகிறது. சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் இரத்தக் கொதிப்புள்ள முதியோருமாக ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குச் சுமார் ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. இரு வழிகளையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்ததும் உண்டு: அந்நாட்டின் 48 முதியோர் இல்லங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மாற்று உப்பு இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைச் சராசரியாக 7 புள்ளிகள் இறக்கியது, சமையலறைக்குத் தரும் உப்பைப் படிப்படியாகக் குறைத்த ஏற்பாடோ குறிப்பிடத்தக்க பலன் எதையும் காட்டவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு உடனே கடைக்குக் கிளம்புபவரை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். உடலில் கூடும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்திருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். இரத்தக் கொதிப்புக்குப் பலரும் விழுங்கும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும், ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தைத் தாமே சற்று ஏற்றுபவை. நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரைத் தவிர்த்தே உலக சுகாதார நிறுவனமும் 2025இல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டின் அளவையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்து, மருத்துவரிடம் கேட்ட பிறகே இந்தப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும்; அதுவும் வீட்டில் உண்ணும் அனைவரையும் கணக்கில் கொண்டு.

சிறுநீரகம் நலமாக உள்ள வீட்டில் மாற்று உப்புக்கே என் வாக்கு. ஐயம் இருந்தால் குறைப்பதுதான் சரி. எதைத் தேர்ந்தாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதற்கு அது காரணம் ஆகாது. வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறத்தையும் படிக்க வேண்டும்: 15 சதவீதம் மட்டுமே சோடியம் குறைத்த உப்பிடம் சீன ஆய்வின் பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. மேலும் கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் ஆகியவற்றுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பை நம் ஜாடியில் செய்யும் எந்த மாற்றமும் தொடாது. அங்கே குறைத்து உண்பதைத் தவிர வேறு வழி இல்லை.