அக்வாபோனிக்ஸுக்கு எந்த இரும்பு: அன்னபேதியா, செலேட்டா?

அக்வாபோனிக்ஸ் என்றால் மீன் வளர்க்கும் தண்ணீரிலேயே செடியும் வளர்ப்பது. இப்படி மீன் தீவனத்தை நம்பி ஓடும் தொட்டியில் செடிக்கு வேண்டிய நைட்ரேட்டுக்குப் பெரும்பாலும் பஞ்சம் வராது. இரும்பு, பொட்டாசியம், கால்சியம் மூன்றும்தான் இழுபறி, ஏனென்றால் தீவனம் மீனுக்காகச் செய்தது, செடிக்காக இல்லை. இரும்பு குறைந்தால் கொழுந்து வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். (அடியிலையில் இதே கோலம் தெரிந்தால் மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள்.)

மலிவு என்று அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு, நானும் ஊற்றியிருக்கிறேன். காற்றுக் குமிழி ஓடிக்கொண்டே இருக்கும், பிஎச் 7 பக்கம் நிற்கும் தண்ணீரில் அது சீக்கிரமே துருவாகி அடியில் படிந்துவிடுகிறது, செடிக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஆணியைப் போட்டு வைப்பதும் இதே கதை.

அப்புறம் செலேட், அதாவது இரும்பை இறுகப் பிடித்துத் துருவாக விடாமல் வைத்திருக்கும் கூட்டு. இதில் மூன்று வகை கிடைக்கும். இடிடிஏ பிஎச் 6.5-ஐத் தாண்டினாலே பிடியை விட ஆரம்பிக்கும். அமிலப் பக்கமாக ஓட்டும் ஹைட்ரோபோனிக்ஸுக்கு (மீன் இல்லாமல் உரக் கரைசலில் செடி வளர்ப்பது) அது சரி, மீன் கழிவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்காக 7-ஐ ஒட்டி வைத்திருக்கும் நமக்குச் சரிப்படாது. டிடிபிஏ ஏறக்குறைய 7.5 வரை தாங்கும். இடிடிஎச்ஏ 9-ஐத் தொட்டாலும் அசையாது, ஆனால் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். மீனுக்குக் கெடுதல் இல்லை, மீன் நம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் தொல்லை.

என் ஓட்டு டிடிபிஏவுக்கு. கிணற்று நீரே 8-க்கு மேல் காரமாக இருந்து, கீழே இறங்க மறுத்தால் மட்டும் இடிடிஎச்ஏ.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெர்ஜின் தீவுப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசி நடத்திய அமைப்பில் 3 வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேர்த்தார்கள். 1000 லிட்டருக்கு அது 2 கிராம் இரும்பு, 2 கிராம் பொடி அல்ல! டிடிபிஏ பொடியில் இரும்பு 11 சதவீதம் என்றால் சுமார் 18 கிராம் போட வேண்டும், 6 சதவீத இடிடிஎச்ஏ என்றால் 33 கிராம்.

பொட்டாசியம், கால்சியத்துக்குத் தனி உரம் தேட வேண்டாம். நைட்ரேட் உருவாக உருவாக பிஎச் இறங்கும், அதை ஏற்ற ஒருமுறை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அடுத்த முறை கால்சியம் ஹைட்ராக்சைடு என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் இரண்டும் அதிலேயே வந்துவிடும். சமையல் சோடா மட்டும் வேண்டாம், சோடியம் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று, புற ஊதா விளக்கு வைத்திருப்பவர்கள் செலேட் போட்டதும் சில நாள் அதை அணைத்து வையுங்கள், அந்த ஒளி செலேட்டையே உடைத்துவிடும்.