நாற்பதாவது நிமிடம்: கையடக்கக் கருவியில் எமுலேட்டரோடு மூன்று ஆண்டுகள்

கருவி கைக்கு வந்த அன்று இரவே, பழைய விளையாட்டுக் கருவிகளைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில், பிளேஸ்டேஷன் 2 காலத்துக் கார்ப் பந்தயம் ஒன்றைத் திறந்தேன். திரையின் மூலையில் பிரேம் எண்ணிக்கை, அதாவது வினாடிக்கு எத்தனை படங்கள் என்பது, 60 என்று அசையாமல் நின்றது. அன்றைக்கு அந்த எண்ணே எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று ஆண்டுகள் ஆடிய பிறகு, முதல் ஐந்து நிமிடத்தில் தெரியும் 60-ஐ நான் கணக்கில் எடுப்பதே இல்லை. நாற்பதாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று சட்டைப்பையில் அடங்குவது: 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட திரை, லினக்ஸ், விசிறி கிடையாது. மற்றொன்று ஆண்ட்ராய்டில் ஓடும் பெரிய கருவி: முழு எச்டி திரை, உள்ளே சிறு விசிறி. இரண்டிலும் நான் ஆடுபவை, என்னிடம் உள்ள பழைய கார்ட்ரிட்ஜ்களிலிருந்தும் வட்டுகளிலிருந்தும் நானே நகலெடுத்த விளையாட்டுகள்.

சின்னக் கருவியின் வேகத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. பழைய கேம் பாயின் செயலி 4.19 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நின்டெண்டோவினுடையது அதிகபட்சம் 3.58. இன்றைய மிக எளிய சில்லுக்கும் இது சுமையில்லை. அப்படியிருந்தும் முதல் மாதம் முழுக்க ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கவாட்டில் நகரும் விளையாட்டுகளில் பின்னணி வழுக்கிக்கொண்டு வரும். சில வினாடிகளுக்கு ஒருமுறை எங்கோ ஒரு சிறு தடுக்கல். பிரேம் எண்ணிக்கையோ 60-ஐ ஒட்டியே நின்றது.

காரணம் புரிய நாளானது. கேம் பாய் அட்வான்ஸ் வினாடிக்கு 59.73 பிரேம்கள் தருகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை 60 கேட்கிறது. அந்தக் கால் பிரேம் சேர்ந்து சேர்ந்து, ஏறக்குறைய 3.7 வினாடிக்கு ஒருமுறை ஒரே பிரேம் இரண்டு தடவை காட்டப்படுகிறது. சூப்பர் நின்டெண்டோவில் நிலைமை நேர்மாறு: அது 60.1 தருகிறது, ஆகவே பத்து வினாடிக்கு ஒரு பிரேம் தவறிப்போகிறது. பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருள் இதற்குக் கண்டிருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. விளையாட்டைத் திரையின் தாளத்துக்கே ஓடவிட்டு, ஒலியை அரை விழுக்காட்டுக்குள் நீட்டியோ சுருக்கியோ ஈடுகட்டிவிடுகிறது. சுருதி மாறியது எந்தக் காதுக்கும் எட்டாது. அமைப்பில் அதைச் சரியாக இயக்கிய மாலையில், அரைமணி நேரம் வெறுமனே பின்னணி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சிறு குறிப்பு. 240-க்கு 160 படத்தை 640 அகலத்துக்கு விரித்தால் ஒரு புள்ளி 2.67 புள்ளியாகிறது. சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும், படம் நகரும்போது மினுங்கும். நான் சரியாக இருமடங்கில் நிறுத்தி, சுற்றிலும் கறுப்பு விளிம்போடு ஆடுகிறேன். படம் சிறிதாகிறது; ஆனாலும் கண்ணுக்கு நிம்மதி.

பெரிய கருவியில்தான் உண்மையான பாடம் காத்திருந்தது. அந்தக் கார்ப் பந்தயம் இருபது நிமிடம் வரை குறையே இல்லாமல் ஓடியது. இருபத்தைந்தாவது நிமிட வாக்கில் என்ஜின் சத்தத்தில் மெல்லிய கரகரப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிடத்தில் வளைவுகளில் கார் சேற்றில் இறங்கியதுபோல் இழுத்தது, எண்ணிக்கை 52. காதுக்கு முதலில் எட்டியதற்குக் காரணம் உண்டு. 60 பிரேம் விளையாட்டில் ஒவ்வொரு பிரேமுக்கும் 16.67 மில்லிவினாடிதான் அவகாசம். அதைத் தாண்டும் பிரேம்கள் தொடர்ந்து வந்தால், முன்கூட்டிச் சேர்த்து வைத்த ஒலி தீர்ந்து வெடிப்பு கேட்கும். அன்றிலிருந்து எண்ணிக்கையை மறைத்துவிட்டு, காதைத்தான் நம்புகிறேன்.

முதலில் செய்தது தவறு: கருவியின் உச்சவேக நிலையைப் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் தாங்கியது, பிறகு முன்னைவிட ஆழமாக விழுந்தது. சில்லு விரைவில் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பிறகு நேர்மாறாகச் செய்துபார்த்தேன். நடுத்தர நிலை, விசிறி தொடக்கத்திலிருந்தே ஒரே வேகத்தில், ரெசல்யூஷன் அசலின் மூன்று மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு. பந்தயம் கடைசி வரை கலங்கவில்லை.

பிளேஸ்டேஷன் 2 எமுலேஷனின் பாரம் பெரும்பாலும் மையச் செயலியின் தலையில்தான் விழுகிறது. 294.912 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அதன் மையச் செயலியான எமோஷன் என்ஜின், அதோடு இரண்டு வெக்டர் அலகுகள், தனி கிராபிக்ஸ் சில்லு: எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிசகாமல் ஓட்ட வேண்டும். அதன் தசமக் கணக்கு முறைகூட இன்றைய செயலிகள் பின்பற்றும் தரத்தோடு ஒத்துப்போவதில்லை. சில விளையாட்டுகளுக்கு அதைத் திருத்துவதற்கென்றே கூடுதல் வேலை. கையடக்கக் கருவியிலோ செயலியும் கிராபிக்ஸும் ஒரே சில்லில், ஒரே வெப்ப அளவுக்குள், ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கிராபிக்ஸ் குறைவாகக் கேட்டால் செயலிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. கைத்தூரத்தில் மூன்று மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் உள்ள வேறுபாட்டை என் கண் காணவில்லை. 52-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாட்டை என் கட்டைவிரல் உடனே உணர்ந்தது.

மெகாஹெர்ட்ஸை வைத்து மட்டும் கடினத்தை அளக்க முடியாது. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி 333 வரை போகும். ஆயினும் பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டரில் அது என் கருவியைச் சூடாக்குவதே இல்லை. 480-க்கு 272 திரைக்காக எழுதப்பட்டவை முழு எச்டி திரையில் நான்கு மடங்காக விரிகின்றன, மேலும் கீழும் நான்கு வரிகள் மட்டும் வெளியே போகின்றன. நின்டெண்டோ 64 வெறும் 93.75 மெகாஹெர்ட்ஸ்தான். அதன் துணைச் செயலிக்கான நுண்நிரலை விளையாட்டுக்கு விளையாட்டு மாற்றிக்கொள்ள முடிந்ததால், இன்றும் ஒவ்வொரு விளையாட்டையும் தனியாகச் சோதித்தே நம்ப வேண்டியிருக்கிறது.

நின்டெண்டோவின் கேம்கியூப் விளையாட்டுகளில் காலக்கணக்கு தலைகீழாகிறது: முதல் நாள் மோசம், மூன்றாம் நாள் நன்று. புதிய ஒளி, புதிய வெடிப்பு ஒன்று திரையில் வரும்போதெல்லாம் அதற்கான ஷேடரை (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) அப்போதே தொகுக்க வேண்டியிருப்பதால் படம் ஒரு கணம் உறைகிறது. கேம்கியூப் எமுலேட்டரான டால்ஃபின் 2017-இல் கொண்டுவந்த, எல்லா விளைவுகளையும் ஒரே நிரலில் அடக்கும் உபெர்ஷேடர்கள் அந்த உறைவைப் போக்குகின்றன, ஆனால் கிராபிக்ஸ் சில்லுக்கு அவை கனமானவை. என் கருவியில் தாங்கவில்லை. ஒருமுறை தொகுத்தவை சேமிக்கப்படுவதால், விளையாட்டு தொடங்கும் முன்பே அவற்றைத் தயார்செய்யும் அமைப்பைப் பயன்படுத்துகிறேன். தொடக்கத்தில் சற்றுக் காத்திருந்தால் போதும். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினால் மட்டும் மறுபடி முதல் நாளுக்குப் போக நேரும்.

இரண்டாம் ஆண்டில் பட்ட இழப்பு வேகம் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் சொல்லாமல் விட முடியாது. எமுலேட்டர் ஒன்றைப் புதுப்பித்தேன்; பழைய ஸேவ் ஸ்டேட் திறக்க மறுத்தது. பதினொரு மணி நேர ஆட்டம் போயிற்று. ஸேவ் ஸ்டேட் என்பது எமுலேட்டரின் அந்த நேர உள்நிலையின் படம். உள்ளே ஏதாவது மாறினால் அது செல்லாமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயே மெமரி கார்டில் சேமித்தது மட்டும் பதிப்பு மாறினாலும், கருவி மாறினாலும் பெரும்பாலும் கூடவே வருகிறது. ஸேவ் ஸ்டேட்டை இப்போது நடுவில் எழுந்து போவதற்கு மட்டுமே வைத்திருக்கிறேன். சின்னக் கருவியோடு வந்த, கோப்புகளை வைக்கும் நிஜ மெமரி கார்டும் எட்டாவது மாதத்தில் படிக்க முடியாமல் போனது. கருவி வந்த அன்றே கார்டை மாற்றி, மாதம் ஒருமுறை சேமிப்புக் கோப்புகளைக் கணினிக்கு நகலெடுங்கள். ஏழு மணி நேரம் தாங்கிய பேட்டரி இப்போது ஐந்துக்குச் சற்று மேல்.

கடந்த ஆண்டு பெரிய கருவியில் பழைய கரகரப்பு திரும்பியது, அதுவும் பதினைந்தாவது நிமிடத்திலேயே. அமைப்புகள் எதையும் தொடவில்லை. எமுலேட்டரின் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன், டிரைவரை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. கடைசியில் பின்மூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித்துண்டுபோல் படிந்திருந்தது. மெல்லிய தூரிகையால் துடைத்து மூடி, அதே பந்தயத்தை அதே தடத்தில் ஓட்டினேன். கடிகாரத்தை நினைத்துப் பார்த்தபோது ஒரு மணி நேரம் கடந்திருந்தது. என்ஜின் சத்தத்தில் ஒரு கீறல்கூட இல்லை.