சிவப்பு ஜேம்ஸை வாங்கும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

‘தாமஸ்’ என்ற குழந்தைகள் தொடரில் வரும் ரயில்களின் பழைய மரப் பொம்மை எஞ்சின்களை செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். 1992-இல் வரத் தொடங்கிய அந்த மர ரயில்களை ஆறு வருடமாகச் சேர்த்து வருகிறேன். பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் ரயில்கள் எனக்கு இவற்றுக்கு ஈடாகாது. கையில் எடுத்தால் கட்டையின் கனம் தெரியும், பெட்டிகளைக் கிட்டே கொண்டுபோனால் காந்தம் டக்கென்று பிடிக்கும். என்னிடம் இல்லாதது 5-ஆம் நம்பர் சிவப்பு எஞ்சினான ஜேம்ஸ் மட்டும்தான்.

வாங்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. 2005 ஜனவரி முதல் 2007 ஜூன் வரை அமெரிக்காவில் விற்ற இந்த மர ரயில்களில் சிலவற்றின் பெயின்டில் குழந்தைகளுக்கு நஞ்சான ஈயம் (லெட்) இருந்தது தெரியவந்து, 2007 ஜூனில் சுமார் 15 லட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றார்கள். பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள் பூச்சு. அந்தப் பட்டியலில் ஜேம்ஸும் இருந்தான். அடியில் உள்ள குறியீட்டில் ‘டபிள்யூ ஜே’ அல்லது ‘ஏ இஸட்’ எழுத்துகள் இருந்தால் அந்தப் பொம்மை அதில் சேராது என்று அப்போதே அறிவித்திருந்தார்கள்.

போன மாதம் ஆன்லைனில் ஒருவர் ஜேம்ஸை டெண்டரோடு (எஞ்சினுக்குப் பின்னால் மாட்டும் நிலக்கரிப் பெட்டி) 85 டாலருக்குப் போட்டிருந்தார். “திரும்பப் பெற்ற பிறகு மாற்றிக் கொடுத்த நல்ல பீஸ்” என்று எழுதியிருந்தார். குறியீடு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அடிப்பக்கப் போட்டோவை வற்புறுத்திக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

பார்சல் வந்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது, சக்கரம் ஆடவில்லை. சேகரிப்புப் பொருளாக மட்டும் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் அடியில் ஒரு பழைய விலை ஸ்டிக்கர். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து உரித்தேன். குறியீடு இருந்தது, அந்த எழுத்துகள் இல்லை. அதற்குள் என் மூன்று வயது மகன் அதைக் கையில் எடுத்து, புகைபோக்கியை வாயில் வைத்துவிட்டான்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தோம். ஈய அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் என்று வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

விற்றவரிடம் கேட்டதற்கு, “இது கலெக்டர்களுக்கான பொருள், குழந்தைக்கு ஏன் கொடுத்தீர்கள்?” என்று பதில். குழந்தையிடம் போனது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய் சொல்லி விற்றது யார்? திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பதே இங்கே சட்டப்படி குற்றம். எஞ்சினைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறேன் என்றார். நான் அனுப்பவில்லை, அனுப்பினால் அது இன்னொரு வீட்டுக்குத்தான் போகும். 85 டாலர் போனது போனதுதான். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

சிவப்பு, மஞ்சள் எது வாங்கினாலும் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அடிப்பக்கத்தை, ஸ்டிக்கர் இல்லாமல், தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். நேற்று பார்த்தேன், அதே ஆள் இப்போது ஒரு சிவப்பு தண்ணீர் டேங்கர் வண்டியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதுவும் அந்தப் பட்டியலில் உள்ளதுதான். அதிலும் பக்கவாட்டுப் போட்டோ மட்டும்தான் இருக்கிறது.