வந்து வந்து போன லான் இணைப்பு: இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டில், படுக்கையறைக் கணினிக்கு வைஃபை இல்லை, லான் கேபிள் என்கிற கம்பி வழியாகத்தான் நெட். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. அதற்கு முந்தைய சில மாதங்கள் அப்படி இல்லை. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று சில விநாடி அறுந்துபோகும், பிறகு தானாகவே திரும்பி வரும். மீட்டிங்கில் நான் பேசுவது பாதியில் நின்றுவிடும். மகனுக்கு வீட்டிலிருந்தே பாடம் நடக்கும் நாட்களில், ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்வதற்குள் திரை அப்படியே நின்றிருக்கும். முழுசாகச் செத்துப்போன நெட்டைச் சரிசெய்வது சுலபம். வந்து வந்து போவதுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். சோதித்துப் பார்க்கலாம் என்று உட்காரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

இதே மாதிரி அவதிப்படுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்களுடையது விண்டோஸ் 11 கணினி.

வைஃபைக்கே மாறிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ரவுட்டர் வாசல் பக்கம், கணினி கடைசி அறையில், நடுவே பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சு நேரத்தில் பதுங்கும் அறை. 1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட பெரும்பாலான வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இருக்கும் அதே கனமான கான்கிரீட் அறைதான். வைஃபை அலை அதைத் தாண்டுவதற்குள் பாதி பலம் போய்விடுகிறது. அதன் சுவரில் நினைத்தபடி துளை போடவும் முடியாது. ஆக, கம்பியை விடுவதாக இல்லை.

முதலில் தெரிய வேண்டியது, அறுவது வீட்டுக்குள்ளேயா வெளியேயா என்பதுதான். அது தெரியாமல் எதைத் தொட்டாலும் வீண் அலைச்சல். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு தடவை திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (எங்கள் வீட்டில் 192.168.1.1), இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கும் பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) நிற்காமல் ஓடும்படி விட்டேன். ரவுட்டருக்குப் போவது ஒழுங்காக இருந்து, வெளியே போவது மட்டும் நின்றால், சேவை நிறுவனத்தைக் கூப்பிடுவதில் அர்த்தம் உண்டு. எங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. ரவுட்டர் தானாக அணைந்து எழுந்தாலும் இப்படித்தான் நிற்கும். ஆனால் அதே நேரத்தில் ஹாலில் மனைவியின் கைபேசி வைஃபையில் வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தது. ஆக, ஃபைபர் மேலும் குற்றமில்லை, ரவுட்டர் மொத்தமாக விழவும் இல்லை.

அடுத்தது ஈவென்ட் வியூவர், கணினியில் நடப்பதை விண்டோஸ் குறித்துவைக்கும் இடம். பலர் இந்தப் பக்கமே போவதில்லை. விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்தால், பிங் நின்ற அதே நேரத்தில் நெட்வொர்க் லிங்க் (கம்பி வழியான அடிப்படை இணைப்பு) துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி, சற்றுக் கழித்து மீண்டும் இணைந்ததாக இன்னொரு வரி. இது கிடைத்ததும் பாதிச் சந்தேகங்களை ஒதுக்கிவிடலாம். ஐபி முகவரி, டிஎன்எஸ், ஃபயர்வால் எல்லாம் லிங்குக்கு மேலே நடக்கிற சமாச்சாரம். லிங்கே விழுகிறது என்றால் கேபிள், சுவர்ப் பாயிண்ட் (சுவரில் கேபிளைச் செருகும் இடம்), போர்ட், நெட்வொர்க் கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், இவற்றில் ஏதோ ஒன்றுதான்.

அந்த வரிகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரும்பி இணையும்போது சில சமயம் 1 கிகாபிட், சில சமயம் வெறும் 100 மெகாபிட். செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்திலும் இந்த லிங்க் வேகத்தைப் பார்க்கலாம். லான் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள் போதும். 1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டால், கிகாபிட்டில் இணையப் பார்த்து முடியாமல், பல கார்டுகள் 100க்கு இறங்கிக்கொள்ளும். கிகாபிட் ரவுட்டர், கிகாபிட் கார்டு இரண்டும் இருந்தும் உங்கள் கணினி 100 என்று காட்டினால், டிரைவரைத் தேடுவதற்கு முன் கம்பியைச் சந்தேகப்படுங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. மாற்றிய பிறகு காத்திருக்கவும் வேண்டும். தினமும் அறுகிற இணைப்பு என்றால், மூன்று நான்கு நாள் அறாமல் இருந்தால்தான் நம்பலாம். கணினிப் பக்கக் கேபிள், ரவுட்டர் பக்கக் கேபிள், ரவுட்டரில் வேறு போர்ட், எதற்கும் அசையவில்லை. டிரைவரைப் புதுப்பித்தும் பலனில்லை. யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கிப் போட்டேன், அதிலும் அறுந்தது. கார்டு மேல் இருந்த சந்தேகம் அதோடு போயிற்று.

மீதி இருந்தது சுவருக்குள் ஓடும் கேபிள். அதை விட்டுவிட்டு, ரவுட்டரிலிருந்து ஹால் தரை வழியாக நீளக் கேபிள் ஒன்றை நேராகக் கணினிக்கு இழுத்தேன். "மாப்பிள்ளை, கால் தடுக்குது, எப்ப எடுப்பீங்க?" என்று அத்தை தினமும் கேட்டார். அந்தக் கேபிள் கிடந்த நாட்களில் ஒரு தடவைகூட அறவில்லை. எல்லாச் சோதனைகளிலும் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது இதுதான். இரண்டாவதாகவே இதைச் செய்யலாம் என்பது என் கருத்து.

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சந்திக்கிற தம்பி ஒருவர் அலுவலகங்களுக்கு டேட்டா கேபிள் போடும் வேலை செய்கிறார், புதுக்கோட்டைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை: "அண்ணே, சுவத்துக்குள்ள போற கேபிள் சும்மா கெட்டுப்போகாது. ரெண்டு முனையிலதான் சீக்கு இருக்கும். பிளேட்டைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினேன். இரண்டு ஸ்க்ரூதான். உள்ளே ஆர்ஜே45 சாக்கெட்டின், அதாவது லான் கேபிள் செருகும் துளையின், பின்பக்கம் எட்டுக் கம்பிகளும் எட்டுப் பள்ளங்களில் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏழு அப்படித்தான் இருந்தன. நீலக் கம்பி மட்டும் அடிவரை இறங்காமல் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. பள்ளத்துக்குள் இருக்கும் சின்னத் தகடுதான் உறையைக் கிழித்துச் செம்பைத் தொட வேண்டும். இங்கே அது ஓரமாக உரசிக்கொண்டு மட்டும் இருந்தது. ஜோடிகளின் முறுக்கையும் வேண்டிய அளவுக்கு மேல் பிரித்துவிட்டிருந்தார்கள். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது கேபிள் வேலையில் அடிப்படை விதி. கணினியின் பின்பக்க விளக்கைப் பார்க்கச் சொல்லி மகனை உட்காரவைத்து, நீலக் கம்பியை நகத்தால் லேசாக நகர்த்தினேன். "அணைஞ்சிருச்சுப்பா" என்றான். விட்டேன். கொஞ்ச நேரத்தில் "வந்திருச்சு". மேசையை இழுத்தால், கதவு அடித்தால் அறுந்ததற்கும் காரணம் விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் தம்பி, கம்பியைப் பள்ளத்தில் அழுத்தும் பஞ்ச் டூலோடு வந்தார். பழைய முனையை வெட்டிவிட்டு, புது சாக்கெட்டில் எட்டுக் கம்பியையும் அழுத்தினார். சாக்கெட்டின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசைகள் அச்சடித்திருக்கும். எதிர் முனையில் எந்த வரிசை போட்டிருக்கிறதோ அதையே இங்கும் போட வேண்டும். எங்கள் வீட்டில் பி.

அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு தடவை, கணினி சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும், லிங்க் விழுந்தது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்று ஒன்று இருக்கும், வேலை இல்லாதபோது மின்சாரம் சேமிக்க 2010இல் வந்த வசதி. அதை அணைத்தேன். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்தேன். அதோடு அதுவும் நின்றது. பெரிய விண்டோஸ் அப்டேட் அல்லது புது டிரைவர் வந்த பிறகு இந்த இரண்டும் பழையபடி மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

வாங்கிய பொருட்களில், சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய மலிவு விலை கேபிள் டெஸ்டர் நல்ல பொருள்தான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். அந்த நொடியில் கம்பி தொடுகிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எங்கள் பாயிண்டை அது முதலில் பாஸ் என்றது. கேபிளை ஆட்டிக்கொண்டே சோதித்தபோதுதான் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. தட்டையான மெல்லிய கேபிள் ஒன்றும் வாங்கியிருந்தோம். கதவிடுக்கில் நுழைக்க வசதி, ஆனால் ஒரு வருடத்துக்குள் முனை தளர்ந்துவிட்டது. அதை இனி வாங்க மாட்டேன். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள்களையும் தவிர்த்துவிடுங்கள். அலுமினியம் சீக்கிரம் முறியும். முழுச் செம்பு என்று தெளிவாக எழுதியிருக்கும் கேட் 6 கேபிளுக்குச் சில வெள்ளி அதிகம் கொடுத்தால் தப்பில்லை. யுஎஸ்பி அடாப்டர் இப்போது மகனின் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது.

இங்கே 10 கிகாபிட் திட்டங்கள்வரை விற்கிறார்கள். வேகம் ஏற ஏறக் கம்பி வேலையின் குறைகளும் கூடுதலாக வெளியே தெரியும். திட்டம் மாறும் முன் ஒவ்வொரு அறைப் பாயிண்டிலும் லிங்க் வேகத்தைப் பார்த்துவிடுங்கள். டேட்டா பாயிண்டுக்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் பிளக் பாயிண்ட் இருக்கும், அதைத் தொடாதீர்கள், அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. வாடகை வீடு என்றால் பிளேட்டைக் கழற்றும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் சுவரோரமாக ஒட்டும் டிரங்கிங் (கேபிளை மறைக்கும் பிளாஸ்டிக் குழாய்) வாங்கி, அதற்குள் நல்ல கேபிள் ஒன்றை விட்டாலே வேலை முடிந்துவிடும்.