நாட்டி மொழிபெயர்ப்பாளர் தேர்வு: திருத்தும் பகுதியில்தான் சரக்கு இருக்கிறது

தமிழில் மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் தேடுகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் ஆஸ்திரேலிய அமைப்பான நாட்டியை (NAATI) தாராளமாக நம்பலாம். அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஏடிஏ (ATA) நடத்தும் தேர்வில் தமிழே கிடையாது. ஆனால் நாட்டி என்றதும் அது நடத்தும் சிசிஎல் (CCL) தேர்வுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அது ஆஸ்திரேலியக் குடியேற்ற விசாவுக்கான புள்ளிக் கணக்கில் 5 புள்ளி வாங்கித் தரும் பேச்சுத் தேர்வு. அதை வைத்து மொழிபெயர்ப்பாளர் முத்திரை குத்த முடியாது. தொழிலுக்கு வேண்டியது 'சர்டிஃபைட் டிரான்ஸ்லேட்டர்' தேர்வு. அதிலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தேறினால் அந்தத் திசைக்கு மட்டுமே சான்று.

மூன்றரை மணி நேரம், மூன்று வேலை. சுமார் 250 சொல் வரும் இரண்டு பகுதிகளை மொழிபெயர்க்க வேண்டும். மூன்றாவதில், யாரோ செய்த மொழிபெயர்ப்பைத் திருத்தி, ஒவ்வொரு பிழையும் எந்த வகை என்றும் குறிக்க வேண்டும். இந்தத் தேர்வின் மேன்மையே இதுதான். வேலையில் நிஜமாகவே தேவைப்படும் திறமையைச் சோதிக்கிறது.

பலர் சறுக்குவதும் இங்கேதான். மூலத்தில் 'கடிதத் தேதியிலிருந்து 28 நாட்களுக்குள்' என்ற பொருள் இருக்க, தமிழில் 'கடிதம் கிடைத்த 28 நாட்களுக்குள்' என்று இருந்தால் வாக்கியம் சுத்தமாகத்தான் ஒலிக்கும். கண் தாண்டிப் போய்விடும். இது பொருள் திரிபு. தமிழை மட்டும் படித்தால் அகப்படாது. மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டே ஆக வேண்டும். எண், தேதி, எதிர்மறை, 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்' ஆகியவற்றை முதலில் பாருங்கள். இன்னொரு பக்கம், சரியாக இருப்பதைத் தன் நடைக்கு மாற்றி எழுதுவதும் தவறு. பிழை வகை சொல்ல முடியாத திருத்தத்தைத் தொடவே வேண்டாம்.

ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பகுதிக்கும் யாருக்காக, எதற்காக என்ற குறிப்பு தருவார்கள். அதற்கும் மதிப்பீடு உண்டு. பொதுமக்களுக்கான சுகாதார அறிவிப்பை அரசாணை நடையில் எழுதினால் பொருள் சரியாக இருந்தும் அடிபடும்.

நேரத்தை 75, 75, 45 நிமிடம் என்று பிரித்தால் கடைசிப் பார்வைக்கு 15 மிஞ்சும். தேர்வு கணினியில்தான். தமிழ்த் தட்டச்சு தடுமாறினால் இந்தக் கணக்கு நிற்காது.

குறை என்றால், பகுதிகள் பொதுவான விஷயங்கள்தான். தேறியதாலேயே ஒருவர் நீதிமன்ற ஆவணத்துக்குத் தயார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சான்றும் 3 ஆண்டுக்குத்தான். புதுப்பிக்க, செய்த வேலைக்கும் பெற்ற பயிற்சிக்கும் ஆதாரம் கேட்பார்கள். முதல் வேலையிலிருந்தே தேதியையும் சொல் எண்ணிக்கையையும் எழுதி வைத்துவிடுங்கள்.