ஷியான் போகிறவர்கள் கவனத்துக்கு: ஸ்டேஷன் வாசலில் கூப்பிடும் வேனில் ஏறாதீர்கள்

சீனாவில் சுடுமண் வீரர் சிலைகளைப் பார்க்கக் குடும்பத்தோடு ஷியான் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய ரயில் நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு 306 என்ற எண்ணில் முறையான சுற்றுலாப் பேருந்து இருக்கிறது. அதே 306-ஐ ஓர் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு, "அந்த பஸ் இன்னைக்கு ஓடாது, இதுதான் வண்டி" என்று கூப்பிடுகிறவர்களும் அங்கேயே நிற்கிறார்கள். எங்களை ஏற்றிக்கொண்டு போனது இந்த இரண்டாவது கூட்டம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, பேருந்து வரிசையோ நீளம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைக் காட்டி, ஆளுக்கு 150 யுவான், போக வர வண்டி, நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் இதிலேயே அடக்கம் என்றார். ஐந்து பேருக்கு 750 யுவானை வீசாட் என்ற சீன ஆப்பில் ஸ்கேன் செய்து கட்டியதும் வண்டி நேராகப் போய் நின்றது ஜேட் என்னும் பச்சைக்கல் விற்கும் ஒரு நகைக்கடையில். ஷியானுக்குப் பக்கத்து லான்டியன் பச்சைக்கல்லுக்குப் பேர்போன ஊர், அந்தப் பெயரைச் சொல்லியே வளையலுக்கு விலை சொல்கிறார்கள். வாங்காமல் வெளியே வந்தால் டிரைவரைக் காணோம், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

அடுத்து கூட்டிப்போன இடம்தான் கொடுமை. "சக்கரவர்த்தியின் நிலத்தடி அரண்மனை" என்றார்கள். உள்ளே மெழுகு பொம்மைகள், பாதரச ஆறு என்று சொல்லி நீல பல்பு போட்ட ஒரு வாய்க்கால், சுவரோரம் வரிசையாகச் சில வீரர் சிலைகள். தடுப்புக் கயிறுகூட இல்லை. என் மகள் ஒரு சிலையின் கையைத் தொட்டாள், விரலில் மண் நிறப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது, பெயின்ட் போன இடத்தில் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர். "ஏம்பா, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அம்மா கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இதை மட்டும் மனதில் வையுங்கள்: சீனாவின் முதல் சக்கரவர்த்தியான சின் ஷி ஹுவாங்கின் கல்லறையை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டுபிடித்தது அந்தக் கல்லறை மேட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, இந்தச் சுடுமண் வீரர் சிலைகள் புதைந்திருந்த குழிகளை. ஆகவே கல்லறைக்குள்ளே கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் காட்டப்போவது செட்டுதான். இன்னொரு அடையாளமும் உண்டு. உண்மையான இடத்துக்குப் பெரியவர்களுக்கு டிக்கெட் 120 யுவான், பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், வாசலிலும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் விடுவார்கள். எங்களிடம் அந்த இடத்தில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவே இல்லை.

மதியச் சாப்பாடு என்றால் சோறும் முட்டைக்கோஸும் மட்டுமாம். நாங்கள் சொல்லாத மீன் ஒன்று மேஜைக்கு வந்தது, வேண்டாம் என்று கை காட்டியும் எடுத்துப் போகவில்லை, பில்லில் அதற்கு மட்டும் 380 யுவான். மெனுவில் போட்டிருந்த விலை ஒரு ஜின்னுக்கு, அதாவது 500 கிராமுக்கு. அது எத்தனை ஜின் என்று எங்கள் கண் முன்னால் யாரும் நிறுக்கவில்லை. அசல் வீரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் தலைக்கு இன்னும் 200 கட்டச் சொன்னதும் வண்டியை ஊருக்குத் திருப்பச் சொல்லிவிட்டோம்.

என் மனைவி வேனின் நம்பர் பிளேட்டையும் அந்த மீன் பில்லையும் போட்டோ எடுத்து வைத்திருந்தாள், வீசாட்டில் பணம் கட்டிய பதிவும் இருந்தது. ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்த பெண் அதையெல்லாம் பார்த்துவிட்டு 12315-க்குப் போன் போட்டார், நுகர்வோர் புகாருக்கான எண் அது. அதற்குப் பிறகு வேன்காரப் பெண்ணே அழைத்து 400 யுவானைத் திருப்பி அனுப்பினார். மீன் பணம் வரவில்லை.

சாயங்காலம் முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் முஸ்லிம் தெருவுக்குப் போனோம், அங்கேதான் வயிறும் மனசும் நிறைந்தது. ஆட்டுச் சூப்பில் போடும் கெட்டி ரொட்டியை நாமே நகம் அளவுக்குப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும், பிள்ளைகள் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். சைவமான அம்மாவுக்கு வெள்ளரிக்காயும் மிளகாய் எண்ணெயும் போட்ட லியாங்பி என்ற குளிர்ந்த நூடுல்ஸ். பன்றி இறைச்சி அங்கே கிடையாது, மாட்டிறைச்சி உண்டு, வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவோரத்தில் பருப்பு மிட்டாய் வாங்கும்போது பலகையில் இருக்கும் விலை 500 கிராமுக்கா 50 கிராமுக்கா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள், வெட்டிய பிறகு வேண்டாம் என்றால் சண்டைதான்.

மறுநாள் மெட்ரோ 9-ஆவது லைனில் ஹுவாச்சிங் சி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் உண்மையான இடத்துக்குப் போனோம். முதல் குழியின் கூரைக்குக் கீழே நின்றபோது அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. அக்டோபர் முதல் வாரம் அங்கே தேசிய விடுமுறை, அப்போது போகிறவர்கள் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் டிக்கெட் கிடைக்காமல் நிற்கிறவர்களைத்தான் இந்த வேன்காரர்கள் முதலில் தேடி வருவார்கள்.